தோரியம் ஏன் காத்திருக்கிறது, பொலோனியம் ஏன் அவசரப்படுகிறது?

கேள்வி இது: மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இருக்கும் தோரியம்-232 பாதியாகக் குறைய 1,405 கோடி ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். அதே தோரியத்தின் வழியில் பிறக்கும் பொலோனியம்-212, ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூடத் தாங்குவதில்லை. கடைசியில் வரும் ஈயம்-208 சிதைவதே இல்லை. எல்லாமே புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த கருக்கள்தானே, ஏன் இத்தனை வேறுபாடு? தன் நேரம் வந்துவிட்டது என்று ஒரு கருவுக்கு எப்படித் தெரிகிறது? சூடாக்கியோ அழுத்தியோ அதை அவசரப்படுத்த முடியுமா?

"நிலையற்ற கரு, நிலைத்தன்மை அடைவதற்காகச் சிதைகிறது" என்று எழுதினால் பிளஸ் டூ தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த வரி எதையும் விளக்குவதில்லை. கருவுக்கு ஆசையும் இல்லை, நோக்கமும் இல்லை. கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள். ஒன்று, சிதைந்தால் ஆற்றல் மிஞ்சுமா? இரண்டு, மிஞ்சும் என்றால் அங்கே போகும் வழியில் எவ்வளவு பெரிய தடை நிற்கிறது? முதல் கேள்வி, சிதைவு நடக்க இடமுண்டா என்பதைச் சொல்கிறது. எவ்வளவு காலத்தில் நடக்கும் என்பதை முக்கியமாக இரண்டாவதுதான் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நிலைத்தன்மை என்றாலே மர்மமாகத் தெரிகிறது.

முதலில் ஆற்றல் கணக்கு. கருவுக்குள் 2 ஃபெர்மி இடைவெளியில் (ஒரு ஃபெர்மி என்பது ஒரு மில்லிமீட்டரின் ஒரு லட்சம் கோடியில் ஒரு பங்கு) இரண்டு புரோட்டான்கள் இருந்தால், அவை ஒன்றையொன்று தள்ளும் மின்விசை ஏறக்குறைய 6 கிலோ எடைக்குச் சமம். கண்ணுக்கே தெரியாத இரண்டு துகள்களுக்கு நடுவில் 6 கிலோ! இதை மீறிக் கருவைச் சேர்த்துப் பிடித்திருப்பது அணுக்கரு விசை. அது மின்விசையைவிட வலியது, ஆனால் கை நீளம் குறைவு. ஓரிரு ஃபெர்மிக்கு அப்பால் அது இல்லாததற்குச் சமம். அதனால் ஒவ்வொரு துகளும் தன்னை ஒட்டி நிற்கும் சிலரை மட்டுமே பிடித்துக்கொள்கிறது. மின்விலக்கம் அப்படியில்லை, கருவின் இந்த ஓரத்துப் புரோட்டான் அந்த ஓரத்துப் புரோட்டானையும் தள்ளும். கரு பெரிதாகப் பெரிதாகப் பிடிப்பு துகள்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து வளர்கிறது. தள்ளலோ புரோட்டான் எண்ணிக்கையின் இருமடி அளவில் ஏறுகிறது. இந்தப் போட்டியில் இரும்பு, நிக்கல் அருகில் ஒரு துகளுக்கு ஏறக்குறைய 8.8 மெகா எலக்ட்ரான் வோல்ட் (கருக்களின் ஆற்றலை அளக்கும் அலகு) பிணைப்பாற்றல், அதாவது கருவிலிருந்து பிரிக்கத் தேவையான ஆற்றல், என்ற உச்சம் வருகிறது. அதற்குப் பிறகு இறக்கம்தான். யுரேனியம்-238-க்கு வரும்போது 7.6.

பெரிய கருக்களில் நியூட்ரான் மிகுந்திருப்பதற்கும் இதுவே காரணம். நியூட்ரான் பிடித்துக்கொள்ளும், தள்ளாது. சிறிய கருக்களில் இரண்டும் சம எண்ணிக்கையில் இருந்தால் போதும். 20 புரோட்டானும் 20 நியூட்ரானும் கொண்ட கால்சியம்-40 வரை அது செல்லுபடியாகிறது. ஈயம்-208-இல் 82 புரோட்டானுக்கு 126 நியூட்ரான் வேண்டியிருக்கிறது. அப்படியானால் நியூட்ரானை இஷ்டம்போல் சேர்த்துக்கொண்டே போகலாமே என்றால், முடியாது. நியூட்ரான் புரோட்டானைவிடச் சற்றுக் கனமானது. கருவுக்கு வெளியே தனியாக விட்டால் அதுவே சுமார் 10 நிமிட அரை ஆயுட்காலத்தில் (பாதி எண்ணிக்கை மாற ஆகும் நேரம்) புரோட்டானாக மாறிவிடும். கருவுக்குள்ளும், அளவுக்கு மேல் நியூட்ரான் இருந்தால், மேல்படியில் நிற்கும் நியூட்ரான் புரோட்டானாக மாறிக் கீழ்ப்படிக்கு இறங்குவது லாபமாகிவிடுகிறது. அதுதான் பீட்டா சிதைவு.

இப்போது தோரியம்-232. அதிலிருந்து ஒரே ஒரு புரோட்டானையோ நியூட்ரானையோ வெளியே எடுக்க ஆற்றல் செலவிட வேண்டும். இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான் ஆகிய நான்கையும் பிரித்தெடுக்க மொத்தச் செலவு 24.2 மெகா எலக்ட்ரான் வோல்ட். ஆனால் அந்த நான்கும் ஆல்ஃபா துகளாகக் கட்டிப்பிடித்துக்கொண்டால் 28.3 வரவு. மிச்சம் 4.1. தோரியம் தனிப் புரோட்டானை வீசாமல் ஆல்ஃபாவை வீசுவதற்கு இதுதான் காரணம். அத்தனை இறுக்கமான சின்னப் பொட்டலம் வேறு எதுவும் இல்லை. இந்தக் கணக்கைப் பட்டியல் முழுக்கப் போட்டுப் பார்த்தால் ஒரு சங்கடம் தெரியும். நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த மொத்தம்) 150-க்கு மேல் போனால் பெரும்பாலான கருக்களுக்கு ஆல்ஃபாவை வெளியே விடுவது லாபம்தான். தங்கம்கூட அந்தப் பட்டியலில் வரும். ஆனாலும் நகைக்கடைகளில் தங்கம் அப்படியே இருக்கிறது. ஆக, முதல் கேள்விக்கு "ஆம், மிஞ்சும்" என்று பதில் வந்துவிட்டால் மட்டும் காரியம் நடந்துவிடாது.

தோரியத்தின் வழி முழுவதையும் ஒரு முறை நடந்து பார்ப்போம். தோரியம்-232 ஆல்ஃபாவை விட்டு ரேடியம்-228 ஆகிறது. அதற்கு அரை ஆயுட்காலம் 5.75 ஆண்டு. பீட்டாவால் ஆக்டினியம்-228, ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மறுபடி பீட்டா, தோரியம்-228, 1.9 ஆண்டு. அங்கிருந்து வரிசையாக ஆல்ஃபா: ரேடியம்-224-க்கு 3.6 நாள், ரேடான்-220-க்கு 56 நொடி, பொலோனியம்-216-க்கு 0.15 நொடி. பிறகு ஈயம்-212, பத்தரை மணி நேரம். பிஸ்மத்-212, ஒரு மணி நேரம். பிஸ்மத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. நூற்றில் 64 பீட்டா வழியாகப் பொலோனியம்-212 ஆகி, நொடியின் ஒரு கோடியில் மூன்று பங்கு நேரத்தில் ஆல்ஃபாவை விட்டு ஈயம்-208-இல் முடிகிறது. மீதி 36 தாலியம்-208 வழியாக அதே ஈயத்துக்கு வருகிறது. எந்த வழியில் போனாலும் ஆறு ஆல்ஃபா, நான்கு பீட்டா. பீட்டா ஏன் நடுவில் வந்து நுழைகிறது என்றால், ஆல்ஃபா இரண்டு இரண்டாகச் சமமாக எடுத்துக்கொண்டு போவதால் மிஞ்சும் கருவில் நியூட்ரான் விகிதம் ஏறுகிறது. ஆறு ஆல்ஃபா மட்டும் போயிருந்தால் 78 புரோட்டான், 130 நியூட்ரான் என்று நிற்கும். நான்கு பீட்டா அதை 82, 126 என்று சரிசெய்கின்றன.

அந்த மணலிலேயே இதை அளந்து பார்க்கலாம். மோனசைட் என்பது தோரியம் அடங்கிய, மஞ்சளும் பழுப்பும் கலந்த, கனமான கனிமம். 1909-இல், அப்போது திருவிதாங்கூரில் இருந்த மணவாளக்குறிச்சி மணலில் அதை அடையாளம் கண்டவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். கயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஐரோப்பா போன மணல்தான் அவரை இங்கே இழுத்து வந்தது. அன்று தோரியம் வேண்டியிருந்தது கேஸ் விளக்கின் மேண்டிலுக்காக. அணு ஆற்றல் பேச்சே கிடையாது. நம் மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 8 முதல் 10 விழுக்காடு. 0.2 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு பரலை எடுத்தால், தோராயக் கணக்கில் அதற்குள் 80 கோடி கோடி தோரியம் கருக்கள் இருக்கும். அவற்றில் சிதைவது சுமார் ஒன்றேகால் நிமிடத்துக்கு ஒன்று. வாரிசுகளின் சிதைவையும் சேர்த்தால் எட்டு நொடிக்கு ஒன்று. தென்னிந்தியப் பாறைகளின் மோனசைட்டுக்குப் பல இடங்களில் 55 கோடி ஆண்டு வயது கணிக்கிறார்கள். அவ்வளவு காலத்தில் அதன் தோரியத்தில் நூற்றுக்கு மூன்றுகூடக் குறையவில்லை. குறைந்த அந்தப் பங்கு ஈயமாகப் பரலுக்குள்ளேயே கிடக்கிறது. வயதைக் கணக்கிடுவதே அந்த ஈயத்தை அளந்துதான்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம், தடை. இதில்தான் விஷயமே இருக்கிறது. தோரியத்திலிருந்து வரும் ஆல்ஃபாவின் ஆற்றல் 4 மெகா எலக்ட்ரான் வோல்ட் சொச்சம். பொலோனியம்-212-இன் ஆல்ஃபாவுக்கு 8.8. இரண்டு மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆனால் ஆயுட்கால விகிதத்தை எழுதினால் 1-க்குப் பின்னால் 24 சுழியம் போட வேண்டும். ஆற்றலுக்கும் ஆயுளுக்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது என்பதை கைகர், நட்டால் என்ற இரு இயற்பியலாளர்கள் 1911-லேயே அளந்து சொல்லிவிட்டார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அதைவிட மோசமான புதிர் ஒன்று 1927-இல் வந்தது. யுரேனியத்திலிருந்து தானாக வெளிவரும் ஆல்ஃபாவைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றல் கொண்ட ஆல்ஃபாக்களை வெளியிலிருந்து யுரேனியம்மேல் எறிந்தால், அவை மின்விலக்கத்தால் திரும்பிவிடுகின்றன; உள்ளே நுழைய முடியவில்லை. இரு மடங்கு ஆற்றலாலேயே ஏற முடியாத சுவரை, உள்ளே இருக்கும் பாதி ஆற்றல் ஆல்ஃபா எப்படித் தாண்டி வந்தது? ரூதர்ஃபோர்டு இதற்கு ஒரு சுற்றுவழி விளக்கம் எழுதினார். 1928 கோடையில் கோட்டிங்கன் வந்திருந்த 24 வயது ரஷ்யர் ஜார்ஜ் காமவ் அந்தக் கட்டுரையைப் படித்தார், ஒப்பவில்லை. புதிதாக வந்திருந்த குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு அவர் சொன்ன பதில்: ஆல்ஃபா சுவரைத் தாண்டுவதே இல்லை, ஊடுருவி வருகிறது. அதே ஆண்டில் கர்னியும் காண்டனும் தனியாக இதே முடிவுக்கு வந்தார்கள்.

எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் வேகம் புரியும். தோரியம் கருவின் ஓரம் மையத்திலிருந்து 9 ஃபெர்மி தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மின்விலக்கச் சுவரின் உயரம் சுமார் 28 மெகா எலக்ட்ரான் வோல்ட். வெளியே போகப் போகச் சுவர் சரிகிறது. ஆல்ஃபாவின் 4.1 அளவுக்கு அது இறங்கி வருவது 62 ஃபெர்மி தூரத்தில். ஆக, ஊடுருவ வேண்டிய தடிமன் 53 ஃபெர்மி. பொலோனியம்-212-க்கோ 26 ஃபெர்மியிலேயே சுவர் முடிந்துவிடுகிறது; தடிமன் 17. ஊடுருவும் வாய்ப்பு தடிமனுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. கொஞ்சம் தடிமன் கூடினாலே பத்தில் ஒன்றாகி, இன்னும் கொஞ்சம் கூடினால் நூற்றில் ஒன்றாகிப் பெருக்கல் கணக்கில் சரிகிறது. ஆல்ஃபா ஒரு நொடிக்கு 10-இன் 21-ஆம் அடுக்கு என்ற கணக்கில் சுவரில் மோதுகிறது என்று மதிப்பிடுகிறார்கள். பொலோனியத்துக்குச் சில கோடி கோடி மோதலில் வேலை முடிகிறது. தோரியத்துக்கு 10-இன் 38-ஆம் அடுக்கு அளவுக்கு மோத வேண்டியிருக்கிறது. தோரியம் பொறுமைசாலியும் இல்லை, பொலோனியம் அவசரக்காரனும் இல்லை. தலைப்பில் அப்படி எழுதியது நாக்குப் பழக்கம்.

"எப்போது சிதைய வேண்டும் என்று எப்படித் தெரியும்?" என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது: தெரியாது. ஒவ்வொரு மோதலிலும் அதே வாய்ப்பு. முந்தைய மோதல்கள் எந்தத் தடமும் வைப்பதில்லை. பூமி உருவாகும் முன்பே பிறந்த தோரியம்-232 கருவுக்கும், ஓர் ஆய்வகத்தில் நேற்று உண்டான தோரியம்-232 கருவுக்கும் அடுத்த ஒரு மணி நேரத்தில் சிதையும் வாய்ப்பு அச்சுப் பிசகாமல் ஒன்றே. கருவுக்கு வயதாவதில்லை. தனித்தனியாகப் பார்த்தால் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. கூட்டமாகப் பார்த்தால் அசாத்தியத் துல்லியம்: ஒரு கிராம் தோரியம்-232-இல் நொடிக்குச் சராசரி 4,060 சிதைவு, நொடிக்கு நொடி அறுபது எழுபது கூடலாம், குறையலாம். அரை ஆயுட்காலம் என்ற எண்ணமே தோரியத்திலிருந்துதான் பிறந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரூதர்ஃபோர்டு, தோரியத்திலிருந்து கசியும் ஒரு வாயுவின் கதிரியக்கம் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாவதைக் கவனித்தார். முடிவு 1900-இல் வெளிவந்தது. மேலே வரிசையில் 56 நொடி என்று போட்டிருக்கும் ரேடான்-220 அதுதான்.

பீட்டா சிதைவில் இந்த மாதிரிச் சுவர் கிடையாது. அங்கே தடை வேறு வகை. பீட்டா சிதைவை நடத்தும் வலுக்குறை விசை இயல்பிலேயே மந்தமானது. அதற்கு மேல் சுழற்சிக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். நம் உடம்பிலேயே உதாரணம் இருக்கிறது. பொட்டாசியம்-40-இல் 19 புரோட்டான், 21 நியூட்ரான், இரண்டும் ஒற்றைப்படை. கருவுக்குள் புரோட்டானும் நியூட்ரானும் தத்தம் இனத்தோடு ஜோடி சேர்ந்திருப்பதே லாபம் என்பதால் ஒற்றை-ஒற்றைக் கருக்கள் அநேகமாக நிற்பதில்லை. டியூட்டீரியம், லித்தியம்-6, போரான்-10, நைட்ரஜன்-14 ஆகிய நான்கு சிறிய கருக்கள்தான் தாக்குப்பிடிக்கும் விதிவிலக்கு, டான்டலத்தின் ஒரு கிளர்வு நிலையை விட்டுவிட்டால். பொட்டாசியம்-40-க்கு இருபுறமும் இறக்கம்: ஒரு பக்கம் கால்சியம்-40, மறுபக்கம் ஆர்கான்-40. அப்படியிருந்தும் அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டு. காரணம், பொட்டாசியம்-40-இன் சுழற்சி 4, கால்சியம்-40-க்கு 0. வெளியேறும் எலக்ட்ரானும் நியூட்ரினோவும் அவ்வளவு சுழற்சியையும் சுமந்து போக வேண்டும், அதற்கு வாய்ப்பு மிக அரிது. சுழற்சி வேறுபாடு குறைவாகவும் மிஞ்சும் ஆற்றல் அதிகமாகவும் உள்ள பொட்டாசியம்-42-க்கு 12 மணி நேரம்தான்.

இந்தத் தாமதத்தின் பலன் நாம் விடும் மூச்சிலும் இருக்கிறது. பொட்டாசியம்-40-இல் ஏறக்குறைய 10.7 விழுக்காடு ஆர்கான் வழியில் போகிறது. காற்றில் ஆர்கான் 0.93 விழுக்காடு, அதில் 99.6 விழுக்காடு ஆர்கான்-40, பாறைகளில் இருந்த பொட்டாசியம் சிதைந்து வந்தது. சூரியனில் இருக்கும் ஆர்கானோ பெரும்பாலும் ஆர்கான்-36. காற்றில் ஏன் இவ்வளவு ஆர்கான் என்ற கேள்வியிலிருந்தே, பொட்டாசியத்துக்கு இப்படியொரு இரண்டாவது வழி இருக்க வேண்டும் என்று 1937-இல் ஜெர்மன் இயற்பியலாளர் வைட்ஸேக்கர் ஊகித்தார். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 140 கிராம் பொட்டாசியம். நொடிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சிதைவு. வாழைப்பழத்தைக் காட்டிப் பயமுறுத்தும் வாட்ஸ்அப் செய்திகளுக்கு இது போதும்.

ஈயம் மட்டும் ஏன் கடைசி நிறுத்தம்? எலக்ட்ரான்களைப் போலவே கருவுக்குள்ளும் கூடுகள் உண்டு. 2, 8, 20, 28, 50, 82, 126 என்ற எண்ணிக்கையில் கூடு நிறையும்போது கரு வழக்கத்தைவிட இறுக்கமாகிறது. மேஜிக் எண்கள் என்று பெயர். 50 புரோட்டான் கொண்ட வெள்ளீயத்துக்கு நிலையான ஐசோடோப்புகள் பத்து. வேறு எந்தத் தனிமத்துக்கும் அத்தனை இல்லை. 20-க்கு மேலுள்ள எண்கள் ஏன் வருகின்றன என்பது வெகு நாள் பிடிபடவில்லை. துகளின் தற்சுழற்சியும் சுற்றுப்பாதையும் ஒன்றையொன்று வலுவாகப் பாதிக்கின்றன என்று எடுத்துக்கொண்டால் எல்லா எண்களும் வந்து விழுகின்றன என்று 1949-இல் மரியா கோப்பெர்ட் மேயரும், தனியாக ஜென்சன் குழுவும் காட்டினார்கள். அந்தத் திசையில் மேயரைத் திருப்பிவிட்டது ஃபெர்மி போகிறபோக்கில் கேட்ட ஒரு கேள்வி. 1963 நோபல் பரிசில் பாதி இவர்கள் இருவருக்கும்.

ஈயம்-208-இல் 82-ம் 126-ம் இரண்டுமே மேஜிக். அதனால் அது ஆழமான பள்ளம். பொலோனியம்-212 என்பது ஈயம்-208-உடன் ஓர் ஆல்ஃபா. இறங்கப் போகும் இடம் அத்தனை ஆழம் என்பதாலேயே மிஞ்சும் ஆற்றல் அதிகம், சுவர் மெல்லியது. ஆக, ஈயத்தின் உறுதியும் பொலோனியத்தின் அற்ப ஆயுளும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

அப்படியானால் ஈயம்-208 நிரந்தரமா? கணக்குப் போட்டால் அதுவும் ஆல்ஃபாவை விட்டுப் பாதரசம்-204 ஆனால் 0.5 மெகா எலக்ட்ரான் வோல்ட் மிஞ்சும். வழி இருக்கிறது. ஆனால் அவ்வளவு குறைந்த ஆற்றலுக்குச் சுவர் முடிவது 440 ஃபெர்மிக்கும் அப்பால். யாரும் அந்தச் சிதைவைப் பார்த்ததில்லை, பார்க்கப் போவதும் இல்லை என்றே நினைக்கிறேன். பக்கத்தில் இருக்கும் பிஸ்மத்-209 இதற்கு நடுவில் மாட்டிக்கொண்டது. அதற்குச் சுவர் முடிவது 74 ஃபெர்மியில், அதாவது தோரியத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நிலையான கருக்களில் மிகக் கனமானது என்று பல பதிப்புகளாகப் பாடப்புத்தகங்களில் உட்கார்ந்திருந்த அதன் ஆல்ஃபா சிதைவை 2003-இல் பிரான்சின் ஓர்சேயில் பிடித்துவிட்டார்கள். தனிச்சுழி வெப்பநிலைக்குப் பக்கத்தில் குளிர்வித்த, பிஸ்மத் கலந்த படிகத்தில் ஒரு சிதைவு விடும் சிறு சூட்டை அளந்துதான் இது முடிந்தது. அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 2-க்குப் பின்னால் 19 சுழியம் போட்ட ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதைப்போல் நூறு கோடி மடங்குக்கும் மேல். கதிரியக்கப் பொருள் என்று பிஸ்மத்தை யாரும் பூட்டிவைக்க வேண்டியதில்லை, வயிற்று மருந்திலேயே அது இருக்கிறது. ஆனால் நிலையானது என்ற பட்டியலிலிருந்து பெயர் போய்விட்டது.

கடைசிக் கேள்வி, வெளியிலிருந்து அவசரப்படுத்துவது. அடுப்பில் வைத்தாலும் அமிலத்தில் கரைத்தாலும் தோரியம் அசைவதில்லை. வேதி மாற்றங்களின் ஆற்றல் ஒரு சில எலக்ட்ரான் வோல்ட்; கருவில் நடப்பது அதைப்போல் பத்து லட்சம் மடங்கு. எலக்ட்ரான் நேரடியாகப் பங்கெடுக்கும் சிதைவுகளில் மட்டும் கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. பெரிலியம்-7, தன் அணுவின் எலக்ட்ரானையே விழுங்கிச் சிதைவது. எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் அரை ஆயுட்காலம் ஒரு விழுக்காடு அளவில் மாறும். எலக்ட்ரான்கள் எல்லாவற்றையும் உரித்துவிட்டால் மாற்றம் சாதாரணமாக இருக்காது. ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உள்ள சேமிப்பு வளையத்தில் இதைச் செய்து பார்த்தார்கள். ரீனியம்-187-க்கு இயல்பான அரை ஆயுட்காலம் 4,000 கோடி ஆண்டுக்கு மேல். எலக்ட்ரானே இல்லாத வெற்றுக் கருவாக்கியபோது 33 ஆண்டு என்று 1996-இல் வந்தது. காலியான உள்கூட்டிலேயே பீட்டா எலக்ட்ரான் போய் உட்கார முடிவதால் மிஞ்சும் ஆற்றல் கூடுகிறது, கூடவே புதிய வழியும் திறக்கிறது. அதற்கு முன்பு, 1992-இல், டிஸ்புரோசியம்-163-ஐ எடுத்துக்கொண்டார்கள். முழு அணுவாக அது நிலையானது, ஆற்றல் கணக்கே இடம் கொடுப்பதில்லை. எலக்ட்ரான்களை உரித்ததும் 47 நாள் அரை ஆயுட்காலத்தோடு ஹோல்மியமாகச் சிதையத் தொடங்கியது.